கூடத்துக் காண்டின்ஸ்கிக்குப் பாகப்பிரிவினையில் என்ன விலை?

கேள்வி:

எங்கள் மாமனார் கோவையில் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பிரிவில் வேலை பார்த்தவர். தொண்ணூறுகளின் நடுவில் பயிற்சிக்காக அவரை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது மியூனிக்கிலிருந்து ஒரு படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டு எடுத்து வந்தார். பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கலர் கலராக வளையங்கள். இங்கே வந்து தேக்கு ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். அவர் போன வருடம் காலமாகிவிட்டார். இப்போது மூன்று பிள்ளைகளுக்கும் பாகப்பிரிவினை நடக்கிறது. அந்தப் படம் காண்டின்ஸ்கி என்ற பெரிய ஓவியர் வரைந்தது என்று கொழுந்தனார் கண்டுபிடித்தார். அவருடைய ஓவியம் ஒன்று 370 கோடிக்கு ஏலம் போனதாம். 1913இல் வரைந்தது, நூறு வருடம் தாண்டிவிட்டது, அரசாங்கத்தில் பதிவு செய்யாவிட்டால் வம்பு என்றும் சொல்கிறார். அவருக்குத் தெரிந்த ஒருவர் மதிப்பு போட்டுச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும், மதிப்பில் பத்து சதவீதம் கூலி என்றும் சொல்லியிருக்கிறார். படம் எங்கள் பங்கு வீட்டில் இருப்பதால், அதன் விலையை எங்கள் கணக்கில் கழிக்க வேண்டும் என்பது அவர் வாதம். என் மகளுக்கு அந்தப் படம் உயிர். இதற்கு உண்மையில் என்ன மதிப்பு? பத்திரத்தில் எழுத வேண்டுமா? விற்பதானால் எங்கே? ஃபிரேம்காரரை வைத்துக் கழற்றி எடுத்த போட்டோக்களை அனுப்பியிருக்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் எல்லோரும் காத்திருப்பது முடிவுக்காகத்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1995 வாக்கில் ஜெர்மனியில் ஆஃப்செட் இயந்திரத்தில் அச்சான போஸ்டர். வாசிலி காண்டின்ஸ்கி 1913இல் வரைந்த ஒரு வண்ண ஆய்வின் பெரிதாக்கிய அச்சு அது. இப்போது இருக்கும் நிலையில் அந்தத் தாளுக்கு நான் போடும் விலை 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை. அதைச் சுற்றியிருக்கும் ஃபிரேம் நிஜமாகவே தேக்கு என்றால் அதன் விலை படத்தைவிடப் பல மடங்கு அதிகம். உங்கள் கணக்கில் எதையும் கழிக்கத் தேவையில்லை.

பொதுவாக, பொருளை நேரில் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை. உங்கள் விஷயத்தில் தயங்காமல் சொல்வதற்குக் காரணம் நீங்கள் அனுப்பிய போட்டோக்கள்தான். பலரும் படத்தை எதிரில் நின்று ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு விலை கேட்பார்கள். நீங்கள் பின்பலகையைக் கழற்றி, படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டமான மவுண்ட்டை விலக்கி, நான்கு ஓரங்களையும் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஓரங்களில் இருந்தது.

அதற்கு முன் மூலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது எங்கே இருக்கிறது, எப்படி அங்கே போனது என்று தெரிந்தாலே உங்கள் கொழுந்தனாரின் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும்.

காண்டின்ஸ்கி 1866இல் மாஸ்கோவில் பிறந்தவர். சட்டம் படித்தவர். முப்பது வயதில் அதை விட்டுவிட்டு ஓவியம் கற்க மியூனிக்குக்கு வந்தார். அங்கே அவரிடம் மாணவியாகச் சேர்ந்து பின்னர் வாழ்க்கைத் துணையானவர் கப்ரியேலே முன்டர். அவரும் முதல்தர ஓவியர். 1909இல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் முர்னாவ் என்ற ஊரில் முன்டர் ஒரு வீடு வாங்கினார். இருவரும் அங்கேயும் மியூனிக்கிலும் மாறி மாறி இருந்து வேலை செய்த காலத்தில் பிறந்ததுதான் உங்கள் படத்தின் மூலம். எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்தால் என்ன ஆகிறது என்று தனக்காகச் செய்து பார்த்த பயிற்சி அது. சபைக்கு வைக்க வரைந்த பெரிய ஓவியம் என்று அவர் அதை எண்ணவில்லை. காகிதத்தின் மேல் நீர்வண்ணமும், குவாஷ் என்ற ஒளி ஊடுருவாத நீர்வண்ணமும், கிரேயானும் கலந்து செய்தது. அளவு சுமார் 24 சென்டிமீட்டர் உயரம், 32 சென்டிமீட்டர் அகலம். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் A4 தாளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

1914இல் முதல் உலகப் போர் வெடித்ததும் ரஷ்யரான காண்டின்ஸ்கி ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஓவியங்கள் முன்டரிடம் தங்கிவிட்டன. பிறகு இருவரும் பிரிந்தார்கள். நாஜிகள் ஆட்சிக்கு வந்து இந்த வகை ஓவியங்களையெல்லாம் சீரழிந்த கலை என்று பறிமுதல் செய்து, சிலவற்றை விற்று, சிலவற்றை அழித்தபோது, முன்டர் தன் முர்னாவ் வீட்டு நிலவறையில் காண்டின்ஸ்கியின் படைப்புகளை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். தன்னை விட்டுப் போனவரின் படங்களை உயிரைப் பணயம் வைத்துக் காத்த அந்த அம்மாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். 1957இல், தன் எண்பதாவது பிறந்த நாளையொட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகளை மியூனிக் நகரத்துக்கே கொடையாகக் கொடுத்தார். அவை இப்போது லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உங்கள் பன்னிரண்டு கட்டப் படத்தின் மூலமும் அந்தக் கொடையில் சேர்ந்தது. முன்டரின் கையிலிருந்து நேரே அருங்காட்சியகத்துக்குப் போனதால், அது கடைத்தெருவுக்கு வந்து கைமாறவில்லை. உங்கள் மாமனார் மியூனிக்கில் இருந்த நாட்களில் அது அந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருந்தது. இன்றும் அப்படித்தான்.

இனி உங்கள் போட்டோக்களுக்கு வருகிறேன்.

மவுண்ட் அட்டைக்கு அடியில், படத்தின் கீழ் விளிம்பில், இத்தனை வருடமும் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் ஒரு வரி மறைந்திருந்தது. மிகப் பொடி எழுத்தில் ஓவியர் பெயர், 1913 என்ற ஆண்டு, லென்பாக்ஹவுஸின் பெயர். அதற்கு அடுத்து காப்புரிமைக் குறியும், பான் நகரத்தின் பெயரும், 1995 என்ற ஆண்டும். ஓவியர்களின் காப்புரிமைக் கட்டணத்தை வசூலிக்கும் ஜெர்மன் சங்கம் ஒன்று பான் நகரத்தில் இருக்கிறது. காண்டின்ஸ்கி 1944 டிசம்பரில் பாரிஸை ஒட்டிய நெய்யியில் இறந்தார். ஜெர்மனியில் ஓவியரின் ஆயுளுக்குப் பிறகு எழுபது ஆண்டுகள் காப்புரிமை உண்டு. ஆகவே 2014 முடியும் வரை அவர் படத்தை அங்கே போஸ்டராக அச்சடிப்பவர் அனுமதி வாங்கி இப்படி ஒரு வரி போடுவது வழக்கம். அந்த வரியில் இருக்கும் ஆண்டு அனுமதி பெற்ற ஆண்டு. 1913 படத்துக்கு உரியது, 1995 உங்கள் தாளுக்கு உரியது. கொழுந்தனாருக்கு முதல் எண் மட்டும்தான் தெரிந்திருந்தது, இரண்டாவது மவுண்ட்டுக்குள் இருந்துவிட்டது.

அதே வரியின் கடைசியில் பதிப்பகத்தின் மியூனிக் முகவரி இருக்கிறது. அதில் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம். இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு 1993 ஜூலை 1ஆம் தேதிதான் அந்த நாட்டில் ஐந்து இலக்கக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. அதுவரை நான்கு இலக்கம். இந்த ஒரு எண்ணை வைத்தே, இந்தத் தாள் 1993இன் நடுவுக்கு முன்னால் அச்சாகியிருக்க முடியாது என்று சொல்லிவிடலாம். உங்கள் மாமனார் போய் வந்த காலத்தோடும் இது ஒத்துப்போகிறது. பழைய தாள்களுக்குக் காலம் குறிக்கும்போது நாங்கள் தேடுவது இப்படிப்பட்ட சில்லறைத் தடயங்களைத்தான். படத்தைப் பார்த்து ஏமாறலாம், அஞ்சல் குறியீட்டைப் பார்த்து ஏமாறுவது கடினம்.

நீங்கள் அனுப்பியதில் எனக்கு மிகவும் பிடித்தது ஐந்தாவது போட்டோ. நகைக்கடைக்காரரின் பத்து மடங்கு லென்ஸைக் கடன் வாங்கி, அதன் வழியாக போனில் எடுத்திருக்கிறீர்கள். மேல் வரிசையில் ஒரு கட்டத்தின் ஆரஞ்சு வளையம் அது. வெறும் கண்ணுக்கு ஆரஞ்சு. லென்ஸில் ஆரஞ்சே இல்லை. மஞ்சள் புள்ளிகளும், மெஜன்டா என்று அச்சகத்தில் சொல்லும் கருஞ்சிவப்புப் புள்ளிகளும், நடுநடுவே கொஞ்சம் நீலப் புள்ளிகளும் வட்டமாகச் சேர்ந்து சின்னச் சின்னப் பூப்போல நிற்கின்றன. ஆஃப்செட்டில் நீலம், மெஜன்டா, மஞ்சள், கருப்பு என்ற நான்கு மைகளையும் நான்கு தகடுகளிலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக அச்சடிக்கிறார்கள். நான்கு புள்ளி வரிசைகளையும் ஒரே கோணத்தில் வைத்தால் படத்தில் அலையலையாகக் கோடு விழும் என்பதால் ஒவ்வொன்றையும் வேறு கோணத்தில் சாய்த்து வைப்பார்கள். அப்படிச் சாய்த்து வைத்ததால் விழுவதுதான் அந்தப் பூ. தூரிகையால் தீட்டிய ஆரஞ்சில் அது வராது. நீர்வண்ணத்தில் ஆரஞ்சு என்றால் லென்ஸிலும் ஆரஞ்சுதான் தெரியும். அது காகிதத்தின் குழிகளில் தேங்கி, விளிம்பில் கொஞ்சம் அடர்த்தியாகக் காய்ந்திருக்கும்.

அந்த விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. காண்டின்ஸ்கியின் வளையங்கள் காம்பஸ் வைத்துப் போட்டவை அல்ல. கோணல்மாணலாக, ஒன்றின் ஈரம் அடுத்ததில் கசிந்து, சில இடங்களில் கட்டத்தின் கோட்டையும் தாண்டி இருக்கும். உங்கள் போஸ்டரிலும் அந்தக் கசிவு அப்படியே தெரிகிறது. கையால் வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அவர் கண் பார்த்தது சரி. கசிவு கையால் ஆனதுதான், ஆனால் அது மூலத்தில் நடந்தது. நல்ல கேமராவும் நல்ல அச்சகமும் அதையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில் தரைமட்டமாகப் பிடியுங்கள். நிஜ வண்ணம் என்றால் தடித்த இடம், மெல்லிய இடம், காகிதம் நெளிந்த இடம் எல்லாம் நிழல் காட்டும். உங்கள் தாளில் கருநீலமும் வெள்ளை ஓரமும் ஒரே மாதிரி வழவழவென்று மின்னும்.

அளவும் பொருந்தவில்லை. உங்கள் படத்தின் அச்சுப்பகுதி 18 அங்குல உயரம், 24 அங்குல அகலம் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். மூலம் சுமார் ஒன்பதரை அங்குலத்துக்குப் பன்னிரண்டரை அங்குலம்தான். பரப்பில் பார்த்தால் உங்களுடையது கிட்டத்தட்ட நாலு மடங்கு. மற்ற சோதனை எதுவும் செய்யாவிட்டால்கூட இது ஒன்றே போதும்.

கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு கிடைத்தால், இருட்டில் தாளின் வெள்ளை ஓரத்தில் அதைக் காட்டச் சொல்லி மகளிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1950 வாக்கிலிருந்து காகிதத்தை வெண்மையாகக் காட்ட ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது இருந்தால் ஓரம் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். 1913ஆம் ஆண்டுக் காகிதத்தில் அந்த ரசாயனம் இருக்க வழியில்லை. ஒளிராவிட்டால் பழையது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த ரசாயனம் கலக்காத புதுக் காகிதமும் உண்டு.

இப்போது அந்த 370 கோடி. செய்தி உண்மைதான். 2023 மார்ச் மாதம் லண்டன் ஏலத்தில் காண்டின்ஸ்கியின் 1910ஆம் ஆண்டு எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று 3.72 கோடி பவுண்டுக்குப் போனது. முர்னாவ் ஊரையும் அதன் தேவாலயத்தையும் வரைந்தது. அந்த ஓவியம் பெர்லினை ஒட்டிய பாட்ஸ்டாமில் ஸ்டெர்ன் என்ற யூதத் தம்பதியின் வீட்டில் இருந்தது. கணவர் இறந்த பிறகு மனைவி நெதர்லாந்துக்குத் தப்பிப் போனார். அங்கும் நாஜிகள் வந்தார்கள். அவர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். ஓவியம் கை மாறி நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பல வருடம் போராடிய பிறகு 2022இல் வாரிசுகளுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர்கள்தான் அதை ஏலத்துக்குக் கொடுத்தார்கள். அந்தத் தொகை ஓவியர் பெயருக்கு மட்டும் கிடைத்ததில்லை. ஒரே ஒரு ஓவியம், அவரே தீட்டியது, யாரிடம் எப்போது இருந்தது என்பதற்கு ஆவணம், இவை எல்லாம் சேர்ந்த விலை. கொழுந்தனாரிடம் இதைச் சொல்லும்போது அவரைக் குறைத்துப் பேசாதீர்கள். அவர் ஓவியரையும் ஏலச் செய்தியையும் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். ஒரு படத்தின் புகழும் ஒரு பொருளின் விலையும் வேறு வேறு என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்தப் படம் எவ்வளவு பிரபலமோ அவ்வளவு தூரம் அச்சாகியிருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து அறுபது ஆண்டுகளில் காப்புரிமை முடிவதால், 2005 முதல் இங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். படுக்கை விரிப்பு, காபிக் கோப்பை, போன் உறை என்று எல்லாவற்றிலும் இந்த வளையங்களைப் பார்க்கிறோம். எத்தனை பேர் கேட்டாலும் அத்தனை பேருக்கும் கிடைக்கிற பொருளுக்கு விலை ஏறாது.

அதற்காகத் தாளில் அச்சான எதற்குமே விலை கிடையாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். காண்டின்ஸ்கியே அச்சுக்கென்று செய்த படைப்புகள் உண்டு. 1922இல் வைமர் பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் ‘சிறிய உலகங்கள்’ என்று பன்னிரண்டு படங்கள் செய்தார். நான்கு கல்லில் வரைந்து எடுத்த கல்லச்சு, நான்கு மரச்செதுக்கு, நான்கு உலோகத் தகட்டில் ஊசியால் கீறியது. மொத்தம் 230 தொகுதிகள்தான் வெளியிட்டார்கள். பென்சிலில் அவரே கையெழுத்திட்டார். அதில் ஒரே ஒரு தாள் கிடைத்தாலும் ஏல நிறுவனத்தின் கதவைத் தட்டலாம். 1901இல் தன் குழுவின் கண்காட்சிக்காக அவரே வடிவமைத்த கல்லச்சுப் போஸ்டர் ஒன்று இருக்கிறது. அதுவும் போஸ்டர்தான், அதுவும் விளம்பரத்துக்காகச் செய்ததுதான், ஆனால் இன்று அருங்காட்சியகங்கள் அதைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன. அச்சா இல்லையா என்பதைவிட, எந்தக் கல்லில் அல்லது தகட்டில், யார் கையால், யார் உயிரோடு இருந்தபோது என்ற கேள்விதான் முக்கியம். உங்கள் படம் அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, மூலத்தை போட்டோ எடுத்துச் செய்த தகட்டிலிருந்து வந்தது. அவர் அச்சுக்கென்று செய்த படைப்புகளில் இந்த வளையங்கள் இல்லவே இல்லை. எனவே இதற்கு எண்ணிட்டுக் கையெழுத்திட்ட பிரதி என்று யாராவது எதையாவது காட்டினாலும் அது அவர் கையெழுத்தாக இருக்காது.

இப்போது வருகிற கேன்வாஸ் பிரதிகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். துணியில் இங்க்ஜெட்டில் அச்சடித்து, மேலே ஒளி ஊடுருவும் பசையைத் தூரிகையால் தடவி மேடுபள்ளம் உண்டாக்கிவிடுகிறார்கள். தடவிப் பார்த்தால் கையால் தீட்டியது போலவே இருக்கும். உற்றுப் பார்த்தால் பசையின் கோடு ஒரு திசையில் போகும், கீழே இருக்கும் வளையம் வேறு திசையில் போகும். இந்தப் படத்தின் மூலம் காகிதத்தில் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும். கேன்வாஸில் வந்தால் அங்கேயே பிரதி என்று தெரிந்துவிடுகிறது.

பத்து சதவீதக்காரரைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன், அவரிடம் போக வேண்டாம். மதிப்பில் சதவீதம் வாங்குகிறவருக்கு மதிப்பை ஏற்றிச் சொல்வதில்தான் லாபம். உலக அளவில் மதிப்பீட்டாளர்களுக்கான தொழில் நெறிகள் அப்படிக் கூலி வாங்குவதைத் தடை செய்கின்றன. நியாயமான மதிப்பீட்டாளர் தன் நேரத்துக்கும் வேலைக்கும் கட்டணம் வாங்குவார். பொருள் ஐந்நூறு ரூபாய் பெறுமானாலும் ஐந்து கோடி பெறுமானாலும் அந்தக் கட்டணம் ஒன்றுதான். சான்றிதழ் என்று அவர் தரப்போவது ஒரு தாள். அதில் ஐந்து லட்சம் என்று எழுதியிருந்தாலும், அந்த விலைக்கு வாங்க ஒருவர் வந்தால்தானே அது விலை? கொழுந்தனாருக்கு என் வார்த்தையில் நம்பிக்கை வராவிட்டால், பெரிய சர்வதேச ஏல நிறுவனங்கள் போட்டோ பார்த்து முதல்கட்ட மதிப்பை இலவசமாகவே சொல்கின்றன. இதே போட்டோக்களை அவரையே அனுப்பச் சொல்லுங்கள். அவர் கையால் அனுப்பி அவருக்கே பதில் வந்தால் வீட்டில் பேச்சு சுலபமாக முடியும்.

அரசாங்கப் பதிவைப் பற்றிய பயமும் வேண்டாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம் பொதுவாக நூறு வருடம் பழமையான பொருள்களைப் பற்றிப் பேசுகிறது. உங்கள் தாளுக்கு முப்பது வயது. படத்தின் கற்பனைக்குத்தான் நூறு தாண்டியிருக்கிறது.

பாகப்பிரிவினைக்கு எந்த விலையை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளுக்குப் பல விலை உண்டு. காப்பீடு எடுக்கும்போது, இது போய்விட்டால் இதே மாதிரி ஒன்றை வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்கிடுவோம். அதில் புது போஸ்டர், புது ஃபிரேம், கண்ணாடி, கூலி எல்லாம் சேர்ந்துவிடும். பங்கு பிரிக்கும்போது அது பொருந்தாது. விஷயம் தெரிந்த ஒருவர், கட்டாயம் எதுவும் இல்லாமல், இன்று இதை எவ்வளவு கொடுத்து வாங்குவார் என்பதே அங்கே கணக்கு. ஃபிரேமோடு சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். கட்டில், பீரோ, மிக்ஸி எல்லாம் எப்படிப் பிரிக்கிறீர்களோ அந்த வரிசையிலேயே இதையும் வையுங்கள். பத்திரத்தில் ஓவியரின் பெயரைப் போட்டுத் தனி வரியாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நாளைக்கு அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, அன்று எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அடுத்த தலைமுறையில் யாராவது கிளம்புவார்கள். வீட்டுச் சாமான்கள் என்ற பொதுச் சொல்லுக்குள் வரட்டும். இந்தப் பதிலின் நகல் ஒன்றை மூன்று குடும்பங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பதில் அர்த்தமில்லை. வாங்குபவரைத் தேடுகிற செலவே விலையைத் தாண்டிவிடும். மகள் கேட்கிறாள் என்றால் அவளிடமே கொடுங்கள். பெரியவர் அந்த ஊரில் எத்தனையோ வாங்கியிருக்கலாம். மியூனிக்கில் பிறந்து மியூனிக்கிலேயே இருக்கிற ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, கசங்காமல் கோவை வரை கொண்டுவந்து, தேக்கில் ஃபிரேம் போட்டிருக்கிறார். அவருக்கு நல்ல ரசனை இருந்திருக்கிறது. அதை நான் உளமாரச் சொல்கிறேன்.

கொடுக்கும் முன் கொஞ்சம் பராமரிப்பு வேண்டும். உங்கள் இரண்டாவது போட்டோவில் மவுண்ட் மறைத்திருந்த ஓரத்தில் அரை அங்குலத்துக்குச் சிவப்பு பளிச்சென்று இருக்கிறது. வெளிச்சம் பட்ட பகுதியில் அதே சிவப்பு சோர்ந்து, மஞ்சள் வெளுத்து, மொத்தப் படமும் நீலமாகத் தெரிகிறது. ஆஃப்செட் மைகளில் மஞ்சளும் மெஜன்டாவும்தான் வெயிலுக்கு முதலில் போகும். போனது திரும்பாது. கலர் ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். இருப்பதைக் காப்பாற்ற, மேற்கு வெயில் நேரே விழாத சுவருக்கு மாற்றுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம், ஈரம் ஏறும்.

பின்னால் வைத்திருக்கும் ஹார்ட்போர்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். அதிலிருந்து வரும் அமிலம்தான் தாளின் முதுகில் பழுப்புத் திட்டுகளை உண்டாக்கியிருக்கிறது. அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு கோவையிலேயே நல்ல ஃபிரேம் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தாளை அதன் மேல் பசை போட்டு ஒட்டக் கூடாது, லேமினேட் செய்யவும் கூடாது. மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய காகித நாடாவால் தொங்கவிட்டால் போதும். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் இருக்கட்டும். மழைக்காலத்தில் கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டால் பிரித்தெடுக்கும்போது மை உரிந்து வந்துவிடும். தேக்கு ஃபிரேமை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மூட்டுகளில் கரையான் பொடி இருக்கிறதா, பின்னால் இராமபாணப் பூச்சி அரித்த தடம் இருக்கிறதா என்று மட்டும் ஃபிரேம்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புது மவுண்ட் வெட்டும்போது கீழ்ப் பக்கம் கொஞ்சம் இறக்கி வெட்டச் சொன்னால் அந்தப் பொடி எழுத்து வரி வெளியே தெரியும். ஓவியர், ஆண்டு, அருங்காட்சியகம், அச்சான காலம் எல்லாம் அதில் இருப்பதால், இனி யாரும் லென்ஸ் தேடி அலைய வேண்டியிருக்காது.